கொங்கு மண்ணின் எழுத்துச் சிற்பி ஆர். சண்முகசுந்தரம்

இலக்கியம் என்றவுடன் நம்மில் பலருக்கு அரண்மனையும் சோலையும் தென்றலும் திங்களும் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு நம் ஊர்ச் சந்தையும் கட்டுத்தரையும் கம்மஞ்சோறும் நினைவுக்கு வருவதில்லை. நாம் அன்றாடம் காணும் வாழ்க்கையும் நாம் வீட்டில் பேசும் பேச்சும் நூலில் ஏறத் தகுதியற்றவை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இந்த எண்ணத்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இளைஞர் உடைத்தெறிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவரே ஆர். சண்முகசுந்தரம். நம் கொங்கு நாட்டில் பிறந்து, கொங்கு உழவரின் வாழ்வை உள்ளபடி எழுதி, தமிழில் வட்டார நாவலுக்கு வழி திறந்தவர் அவர். அவர்தம் வாழ்வையும் பணியையும் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் சூழலும்

சண்முகசுந்தரம் 1917ஆம் ஆண்டு பழைய கோவை மாவட்டத்தில் கீரனூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று, 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் இரத்தினாசல முதலியார். தம்பி ஆர். திருஞானசம்பந்தமும் எழுத்தாளரே. அண்ணனும் தம்பியும் இலக்கியத்தில் இணைந்து உழைத்த இரட்டையர் எனலாம்.

கீரனூர்ப் பகுதியின் இயல்பைக் காவிரியும் பவானியும் கூடும் கூடுதுறையில் வாழும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் ஆறு உண்டு. காலிங்கராயன் வாய்க்கால் உண்டு. நெல்லும் மஞ்சளும் கரும்பும் உண்டு. காங்கயம், தாராபுரம் பக்கத்து நிலமோ மேட்டு நிலம். முள்கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகளும், அவற்றில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த பூமி அது. மழை பெய்தால் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் கிணற்றில் கவலை ஓட்டி, எருதும் ஆளும் களைத்துப்போகும் வரை நீர் இறைக்க வேண்டும். கீழ்பவானித் திட்டம் நிறைவேறி, அதன் கால்வாய் நீர் காங்கயம் பக்கம் வரை எட்டிப் பார்த்தது 1950களில்தான். சண்முகசுந்தரத்தின் இளமைக் காலத்தில் அந்த நீரும் இல்லை. நிலம் குறைவாகத் தரும் இடத்தில் நிலத்தின் மீது மனிதன் வைக்கும் ஆசை மிகும். ஒரு வள்ளப் பூமிக்காக உடன்பிறந்தார் பகைவராவர். இந்த உண்மையை அவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண் முன்னே கண்டார்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அவர் பிறந்தது வேளாண் குடியில் அன்று. எனினும் அவருடைய புகழ்பெற்ற நாவல்களில் நடமாடுவோர் பெரும்பாலும் கொங்கு உழவர்களே. உள்ளேயே வாழ்பவனுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாத பலவும், அருகில் நின்று அன்போடு பார்ப்பவனுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. சண்முகசுந்தரம் அப்படிப் பார்த்தவர்.

எழுத்துலக நுழைவு

1930களில் தமிழ்ச் சிறுகதைக்குப் புத்துயிர் தந்த இதழ் 'மணிக்கொடி'. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி முதலியோர் அதில் எழுதினர். அவர்களுள் பெரும்பாலோர் தஞ்சையையும் நெல்லையையும் சேர்ந்தவர்கள். அந்த அணியில் கொங்கு நாட்டிலிருந்து சென்று சேர்ந்த இளைஞர் சண்முகசுந்தரம். சிறுகதையில் கைப்பயிற்சி பெற்ற அவர் விரைவில் நாவலுக்கு வந்தார். அவரது முதல் நாவலாகிய 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் கு.ப. ராஜகோபாலன்.

அந்தக் காலச் சூழலை நினைவில் கொண்டால்தான் இந்நாவலின் துணிவு விளங்கும். கல்கியின் 'பார்த்திபன் கனவு' 1941இல் தொடங்கித் தொடராக வந்து தமிழகத்தையே மயக்கிக்கொண்டிருந்தது. சிற்றூரைப் பற்றி எழுதியோரும் பெரும்பாலும் அதை ஓர் இலட்சிய பூமியாகவே வரைந்தனர். கிராமத்தான் என்றால் வெள்ளை உள்ளத்தான், நகரத்தான் என்றால் வஞ்சகன் என்பது அன்றைய வாய்பாடு. சண்முகசுந்தரம் அந்த வாய்பாட்டை ஏற்கவில்லை. சிற்றூரிலும் பேராசை உண்டு, பொறாமை உண்டு, கொலை உண்டு என்று அவர் காட்டினார். அதே வேளையில் சிற்றூர் மக்களை இழிவாகவும் காட்டவில்லை. இதுவே நடப்பியல் என்று திறனாய்வாளர் சொல்லும் நெறி.

நாகம்மாள்

கதை சிவியார்பாளையம் என்னும் ஊரில் நடக்கிறது. நாகம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். முத்தாயா என்னும் சிறு பெண் குழந்தை அவளுக்கு உண்டு. கணவனின் தம்பி சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் அவளோடு ஒரே குடும்பமாக வாழ்கின்றனர். சின்னப்பன் உழைப்பாளி, குடும்பப் பூமியைக் கட்டிக் காத்து வருபவன். ராமாயி அடக்கமானவள். நாகம்மாளோ யாருக்கும் அடங்காதவள். கணவன் இறந்தபின் மூலையில் முடங்கிக் கிடக்கும் கைம்பெண் அவள் அல்லள்.

ஊரில் கெட்டியப்பன் என்றொரு முரடன் இருக்கிறான். நாகம்மாளுக்கு அவனோடு நெருக்கம் ஏற்படுகிறது. அவனும் ஊர் மணியக்காரரும் சேர்ந்து அவள் மனத்தில் ஒரு விதையை ஊன்றுகின்றனர். கணவனின் பங்கைக் கேட்டு வாங்கித் தனியே வாழ வேண்டும் என்பதே அந்த விதை. மறுபுறம் ராமாயியின் தாய் காளியம்மாள், நிலத்தை விற்றுவிட்டுத் தன் ஊருக்கே வந்துவிடும்படி மருமகனைத் தூண்டுகிறாள். இரு புறமும் இழுக்கப்பட்ட கயிறு அறுந்துபோகிறது. தான் உழுத மண்ணிலேயே சின்னப்பன் கெட்டியப்பனால் கொல்லப்படுகிறான். கதை அத்துடன் நின்றுவிடுகிறது. நீதிமன்றம் இல்லை, தண்டனை இல்லை, மனந்திருந்தல் இல்லை, ஆசிரியரின் அறவுரையும் இல்லை.

இக்கதையில் யார் குற்றவாளி? கெட்டியப்பன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஆசிரியர் நம்மை அவ்வளவு எளிதில் விடவில்லை. நாகம்மாள் கேட்டது நியாயமா, அநியாயமா என்ற கேள்வி நூலை மூடிய பின்னும் நம்மைத் தொடர்கிறது. இதைச் சட்ட வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் கேள்வியின் ஆழம் புலப்படும். இறந்த கணவனின் பங்கில் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் உரிமை தரும் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1937இல் வந்தது. ஆனால் அச்சட்டம் மாகாணங்களில் வேளாண் நிலத்துக்குச் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் வேளாண் நிலத்துக்கும் அதனை விரிவுபடுத்தியது 1947ஆம் ஆண்டுச் சட்டம். கைம்பெண்ணுக்கு முழு உரிமை கிடைத்தது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால்தான். அஃதாவது, நாகம்மாள் பங்கு கேட்டு நின்ற காலம், சட்டமே அவளுக்கு என்ன விடை சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்த காலம்.

இந்த நிலையில் ஒரு கைம்பெண் தன் பங்கைக் கேட்க வேண்டுமாயின் அவளுக்கு ஓர் ஆண் துணை தேவைப்பட்டது. நல்லவர்கள் யாரும் அவள் பக்கம் நிற்கவில்லை. நின்றவன் கெட்டியப்பன். அவள் தேடிய உரிமை நியாயமானது; அவளுக்குக் கிடைத்த துணை தீயது. நல்ல கேள்வியைத் தீயவன் கையில் ஒப்படைத்தது அவ்வூரின் ஒழுங்கு. அந்த ஒழுங்கின் விலையைக் கொடுத்தவன் குற்றமற்ற சின்னப்பன். நாவலின் உட்பொருள் இதுவே என்பது இக்கட்டுரையாளன் கருத்து. ஆசிரியர் இதனை ஓரிடத்திலும் வெளிப்படையாகக் கூறவில்லை. கூறாமல் உணர்த்தியதே அவரது கலை.

மொழிநடை

சண்முகசுந்தரத்தின் இரண்டாவது பெருமை மொழியைப் பற்றியது. கதையைச் சொல்லும்போது அவர் எளிய பொதுத்தமிழில் சொல்கிறார். மாந்தர் பேசும்போது கொங்குப் பேச்சு அப்படியே வருகிறது. இன்று இது நமக்குப் புதிதன்று. அன்று இது பெரும் புதுமை. வட்டாரப் பேச்சை நகைச்சுவைக்காக வேலைக்காரன் வாயில் வைப்பதே அந்நாளைய வழக்கம். துன்பத்தையும் சினத்தையும் காதலையும் கொங்குப் பேச்சிலேயே ஒருவர் சொல்ல முடியும், அதைக் கேட்டு வாசகன் சிரிக்காமல் கண் கலங்குவான் என்று மெய்ப்பித்தவர் அவர்.

இத்தகைய முயற்சி உலகின் பிற மொழிகளிலும் நடந்திருக்கிறது. ஆர்மீனிய நாட்டில் கச்சத்தூர் அபோவியன் என்பவர் 1841இல் ஒரு நாவல் எழுதினார். அதுகாறும் ஆர்மீனியர் நூல் எழுதியது பழைய செவ்வியல் மொழியில். பொதுமக்களுக்கு அது புரியாது. அபோவியன் தம் ஊர்ப் பேச்சு மொழியில் எழுதினார். அந்நூல் அச்சேறியது 1858இல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் காணாமற் போய்விட்டார். அவர் திறந்த வழியில் பின்னர் வந்த நடப்பியல் நாவலாசிரியர் ஷிர்வான்ஸாதே 1898இல் 'பெருங்குழப்பம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். பாக்கு நகர எண்ணெய்க் கிணற்று முதலாளி ஒருவர் இறந்தபின் அவர் பிள்ளைகள் சொத்துக்காக அடித்துக்கொள்ளும் கதை அது. எண்ணெய்க் கிணறாயினும் கவலை ஓடும் கிணறாயினும் பங்குச் சண்டை ஒன்றே போலும்! இடையில் ஒரு செய்தி: உலகின் முதல் ஆர்மீனிய இதழ் அச்சானது ஆர்மீனியாவில் அன்று, நம் சென்னையில், 1794இல். தூரத்து நாடு என்று நாம் நினைப்பது அவ்வளவு தூரத்தில் இல்லை.

பிற நாவல்கள்

'நாகம்மாள்' வெளிவந்த பின் 'பூவும் பிஞ்சும்', 'பனித்துளி' ஆகிய நாவல்கள் 1940களின் நடுவில் வெளிவந்தன. பிறகு நாவல் துறையில் நீண்ட இடைவெளி. அக்காலத்தில் கோவையில் தம்பியுடன் சேர்ந்து பதிப்புப் பணியிலும் இதழ்ப் பணியிலும் அவர் ஈடுபட்டார். 'புதுமலர் நிலையம்' என்னும் பதிப்பகமும் 'வசந்தம்' என்னும் இதழும் அச்சகோதரர்களின் உழைப்பில் நடந்தவை. சென்னையே இலக்கியத்தின் தலைநகரம் என்றிருந்த காலத்தில் கோவையிலிருந்து இதழ் நடத்துவது எளிய செயல் அன்று.

1960இல் 'அறுவடை' வெளிவந்தது. முதியவர் ஒருவருக்கு இளம்பெண்ணை மணமுடிக்க நினைக்கும் பேராசையின் விளைவைச் சொல்லும் சிறிய நாவல் அது. பக்கம் குறைவு, தாக்கம் பெரிது. விதைத்தது எதுவோ அதையே அறுக்க வேண்டும் என்னும் உண்மையைத் தலைப்பே சுட்டி நிற்கிறது. 1965இல் வந்த 'சட்டி சுட்டது', தான் பெற்ற மக்களாலேயே புறக்கணிக்கப்படும் ஒரு முதிய உழவரின் கதை. காடு மேடெல்லாம் உழைத்துச் சேர்த்த மனிதர், அச்சொத்தே பகையாக மாறுவதை முதுமையில் காண்கிறார். மகளின் பாசம் ஒன்றே அவருக்கு நிழல். முதியோர் இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளில் இந்நாவலைப் படிப்போர் அது நேற்று எழுதப்பட்டதோ என்று ஐயுறுவர்.

1967இல் வந்த 'தனிவழி' வேறொரு மாற்றத்தைப் பதிவு செய்கிறது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. மழையை நம்பிச் சலித்த உழவன் ஏரை விட்டுவிட்டு ஆலைச் சங்கை நம்பிப் புறப்பட்டான். கொங்கு நாட்டின் ஒரு தலைமுறையையே மாற்றிய நிகழ்ச்சி இது. நம் வகுப்பில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேருடைய தாத்தா இவ்வாறு ஊரை விட்டுப் புறப்பட்டவராக இருப்பார்! அந்த மாற்றத்தை நாவலுக்குள் கொண்டுவந்தவர் சண்முகசுந்தரம்.

மொழிபெயர்ப்புப் பணி

அவர் இந்தி கற்றவர். அம்மொழியின் துணையால் வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழுக்குத் தந்தார். சரத் சந்திரரின் நூல்களோடு, பிபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி'யும் அவரால் தமிழாயிற்று. சத்தியஜித் ராயின் திரைப்படத்தால் (1955) உலகப் புகழ் பெற்ற அந்த நாவல், வங்கச் சிற்றூர் ஒன்றின் ஏழைக் குடும்பக் கதை. கீரனூரின் வறண்ட மண்ணை அறிந்த ஒருவர் அதை மொழிபெயர்த்தது பொருத்தமே. மூங்கில் காடும் குளமும் நிறைந்த வங்கச் சிற்றூருக்கும் முள்வேலி சூழ்ந்த கொங்குச் சிற்றூருக்கும் இயற்கையில் ஒற்றுமை இல்லை, பசியில் உண்டு.

நிறையும் குறையும்

ஒருவரைப் போற்றும்போது அவர் குறைகளை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. சண்முகசுந்தரம் ஏறத்தாழ இருபது நாவல்கள் எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவை 1960களில், ஒன்றன்பின் ஒன்றாக, சில சமயம் ஒரே ஆண்டில் பலவாக வெளிவந்தன. அவை அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. கொங்குச் சிற்றூரை விட்டு அவர் நகரத்துக் காதல் கதைகளுக்குச் சென்ற இடங்களில் எழுத்து உயிரிழந்து காணப்படுகிறது. 'நாகம்மாள்' எழுதிய கையா இதை எழுதியது என்று வாசகன் வியக்கும்படி சில உள்ளன.

இதற்குக் காரணம் தேடுவோர், தமிழில் எழுத்தை நம்பி வாழ்ந்தவன் பட்ட பாட்டையும் எண்ண வேண்டும். நல்ல நாவல் ஒன்றை எழுதி அதன் வருவாயில் சில ஆண்டுகள் வாழ்ந்து அடுத்ததை நிதானமாக எழுதும் வசதி அந்நாளில் தமிழ் எழுத்தாளனுக்கு இல்லை. பக்கக் கணக்கில் எழுதித் தந்தால்தான் அடுப்பு எரியும் என்னும் நிலையில் கலை தேய்வது இயல்பு. எனவே அக்குறையில் பாதி எழுதியவனுடையது என்றால், மறுபாதி நல்ல நூலை விலை கொடுத்து வாங்காத சமுதாயத்தினுடையது.

மறைவும் மறுவாழ்வும்

1977இல் சண்முகசுந்தரம் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது அளவே. பெரிய விருதுகளோ விழாக்களோ அவரைத் தேடி வந்துவிடவில்லை. வாழ்ந்த நாளிலேயே அவர் தகுதியை விடாது எடுத்துரைத்தவர் திறனாய்வாளர் க.நா. சுப்ரமண்யம். தமிழின் சிறந்த நாவல்கள் என்று அவர் பேசிய இடங்களிலெல்லாம் 'நாகம்மாள்' இடம்பெற்றது.

விதைத்தவர் மறைந்தாலும் விளைச்சல் நிற்கவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964), நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968), கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) என்று குமரியும் கரிசலும் தத்தம் பேச்சோடு நாவலில் ஏறின. கொங்கிலும் சி.ஆர். ரவீந்திரன், சூர்யகாந்தன், பெருமாள்முருகன் என்று ஒரு வரிசை உருவாயிற்று. இவர்களுள் பெருமாள்முருகன், நம்முடையது போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். சண்முகசுந்தரத்தின் நாவல்களையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர். மறக்கப்பட்ட ஓர் எழுத்தாளரை வகுப்பறை மீட்டெடுத்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ?

முடிவுரை

நம் கல்லூரிக்கு வரும் மாணவரில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வகுப்பில் எழுந்து பேசும்போது நம் நா தயங்குகிறது. ஒறம்பரை, நோம்பி, அப்புச்சி, அம்மாயி என்ற சொற்களை விழுங்கிவிட்டு வேறு சொல் தேடுகிறோம். தேடிய சொல் கிடைப்பதற்குள் சொல்ல வந்த கருத்து போய்விடுகிறது. தேர்வுக்குப் பொதுத்தமிழ் வேண்டும் என்பதில் ஐயமில்லை. சண்முகசுந்தரமும் பொதுத்தமிழை ஒதுக்கியவர் அல்லர். கதையை அதில்தான் சொன்னார். ஆனால் மனிதர் வாய் திறக்கும்போது அவரவர் பேச்சைப் பேசவிட்டார். இரண்டுக்கும் உரிய இடத்தை இரண்டுக்கும் தந்தார். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

எழுதப்படாதவை இன்னும் எவ்வளவோ உள்ளன. பவானி ஜமக்காளத்துக்கு 2005ஆம் ஆண்டையொட்டிப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பின்னரும் விசைத்தறிப் போலிகளோடு போட்டியிட முடியாமல் கைத்தறிகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து வாழ்நாளைக் கழித்த முதியவர்கள் நம் தெருக்களில் உள்ளனர். அவர்கள் பேசும் தொழிற்சொற்கள் அவர்களோடே மறைந்து வருகின்றன. ஆற்றங்கரையில் சாயம் தோய்த்தவர், பரிசல் ஓட்டியவர், வாய்க்கால் முறைத்தண்ணீருக்காகச் சண்டையிட்டவர் என ஒவ்வொருவரிடமும் ஒரு நாவல் இருக்கிறது. கீரனூரின் கொரங்காட்டுக்கு ஒரு சண்முகசுந்தரம் கிடைத்தார். பவானியின் தறிக்குழிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம் நூலகத்துக்குச் சென்று முதலில் 'நாகம்மாளை'க் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரே இரவில் முடித்துவிடக் கூடிய சிறிய நூல். படித்து முடித்தபின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உங்கள் அம்மாயி பேசுவதைச் சற்றே காது கொடுத்துக் கேளுங்கள். அதில் இலக்கியம் ஆகாத சொல் எது என்று பிறகு சொல்லுங்கள்.